எந்தக் கணக்கு எடுத்தால் கோடி கிடைக்கும்?

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. கணிதம் நேற்றுவரை ஒரு படிப்பே அல்ல, ஒரு விபத்து. பொறியியல் கவுன்சலிங்கில் நினைத்த இடம் கிடைக்காத பையனும், கல்யாணம் கூடிவரும்வரை சும்மா இருக்க வேண்டாமே என்று அனுப்பப்பட்ட பெண்ணும் போய்ச் சேர்ந்த இடம் அது. "மேத்ஸ் படிச்சு என்ன பண்ணப்போற? வாத்தியார் வேலைக்குத்தானே போகணும்?" என்று கேட்ட பெரியப்பாக்கள் அத்தனை பேரும் ஏதோ ஒரு வாத்தியாரிடம் படித்து முன்னுக்கு வந்தவர்கள்தான்.

அந்தப் பெரியப்பாக்கள் இப்போது திருந்திவிட்டார்கள். டிசம்பர் பிறந்ததும் ஐ.ஐ.டி. வளாகத் தேர்வு தொடங்குகிறது. முதல் நாளிலேயே ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேல் சம்பளம் என்று நாளிதழில் பெட்டிச் செய்தி வருகிறது. அந்தச் சம்பளத்தைக் கொடுப்பவர்களில் பலர் சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் அல்ல, கணித மாதிரிகளை வைத்துப் பங்குச் சந்தையில் வாங்கி விற்பவர்கள் என்ற சேதி மெல்லக் கசிந்தது. அந்த வேலைக்குக் குவான்ட் என்று பெயராம். பெயர் காதில் விழுந்த மறுநாளே கணிதம் குலதெய்வமாகிவிட்டது. நேர்த்திக்கடனுக்கு ஒரே ஒரு கேள்வி: "எந்த மேத்ஸ் பேப்பர் எடுத்தா குவான்ட் ஆகலாம்?"

கேட்டவருக்கு இல்லை என்று சொல்வது தமிழ்ப் பண்பாடு அல்ல. ஆகவே பொறுப்பான ஒரு பாடத் தேர்வு வழிகாட்டியை இங்கே வைக்கிறேன். ஒவ்வொரு பாடத்துக்கும் என்ன பயன், அதை நாம் எப்படிப் படிக்கிறோம், கடைசியில் அது யார் தலையில் விடிகிறது என்ற மூன்றும் இதில் உண்டு. மூன்றாவது விவரத்தைக் கல்லூரி கையேட்டில் போட மாட்டார்கள். அதனால்தான் நான் போடுகிறேன்.

முதல் பாடம்: நேரியல் இயற்கணிதம்

கட்டாயம் எடுக்க வேண்டும். ஐந்நூறு பங்குகள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதை 500க்கு 500 அணியாக எழுதி, அதன் ஐகன் மதிப்புகளைப் பார்த்தால்தான் சந்தையின் எலும்புக்கூடு தெரியும். அமெரிக்க அரசுப் பத்திரங்களின் வட்டி அசைவுகளில் பெரும்பகுதியை மட்டம், சாய்வு, வளைவு என்று மூன்றே காரணிகளில் அடக்கலாம் என லிட்டர்மனும் ஷைன்க்மனும் 1991இல் காட்டியது இந்தப் பாடத்தின் தயவால்தான்.

நம்மிடம் இது இல்லையா? ஏன் இல்லை? பொறியியல் முதல் செமஸ்டர் எம்-1 தாளில் முதல் யூனிட்டே அணிதான். "கேலி-ஹாமில்டன் தேற்றத்தைச் சரிபார்த்து, அதைக் கொண்டு நேர்மாறு காண்க" என்ற கேள்வி வராத ஆண்டு அபூர்வம். தேற்றத்தைச் சரிபார்க்கச் சொல்வார்கள்; ஏன் உண்மை என்று கேட்க மாட்டார்கள். நம் மாணவனைப் பொறுத்தவரை ஐகன் மதிப்பு என்பது 3க்கு 3 அணிக்கு மட்டும் இயற்கை அருளிய பாக்கியம். நான்காவது வரிசை சிலபஸில் கிடையாது. ஐந்நூறாவது வரிசை, வேலை கிடைத்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் பாடம்: மெய்ப் பகுப்பாய்வு

ரியல் அனாலிசிஸ் என்று சொன்னால்தான் பலருக்குப் புரியும். சொன்னதும் முகம் சுருங்கும். தொடர்ச்சி என்றால் என்ன, ஒரு தொடர் எப்போது ஒருங்கும், எல்லையையும் தொகையையும் எப்போது இடம் மாற்றலாம் என்று ஒவ்வொன்றையும் நிரூபித்துப் படிக்கிற பாடம். இது இல்லாமல் பின்னால் வரும் எதுவும் நிற்காது.

ஆனால் எல்லை என்பது 11ஆம் வகுப்புப் பாடம். 11ஆம் வகுப்புப் புத்தகத்தைப் பிரிக்காமலே 12ஆம் வகுப்புப் புத்தகத்தை இரண்டு ஆண்டு உருப்போட வைக்கும் கலையில் நம் தனியார் பள்ளிகள் பல கரைகண்டவை. அதைத் தடுக்கத்தான் 2017-18இல் 11ஆம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் அரசே அதை எடுத்துவிட்டது. எனவே எல்லை, வகைக்கெழு, நிகழ்தகவு ஆகிய மூன்றையும் ஒரே தாண்டலில் தாண்டிய பிள்ளைகள், புத்தகத்தின் பின்பக்க ஒரு மார்க் கேள்விகளை எண் மாறாமல் ஒப்பித்துச் சென்டம் வாங்கி, இனிப்பு வாயோடு போட்டோவுக்கு நிற்பார்கள். பள்ளி வாசலில் ஃபிளெக்ஸ் கட்டுவார்கள். பல்கலைக்கழகத்தில் முதல் நிரூபணத்தைப் பார்த்ததும் அதே பிள்ளைகள், "சார், இது எக்ஸாமுக்கு வருமா?" என்பார்கள். அந்தக் கேள்வியைச் சொல்லிக்கொடுத்தது நாம்.

மூன்றாம் பாடம்: நிகழ்தகவு

குவான்ட் தொழிலின் உயிர் இதில் இருக்கிறது. சீட்டுக்கட்டு, பகடை கணக்கோடு நிற்பதல்ல. மெஷர் தியரி, மார்ட்டிங்கேல் வரை போகிற நிகழ்தகவு.

இந்தத் துறையின் உச்சியில் இருப்பவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்தவர். எஸ்.ஆர்.எஸ். வரதன் மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் படித்தார். கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகம் போனார். 1963இல் நியூயார்க் கூரான்ட் நிறுவனத்தில் சேர்ந்தார். மிக அபூர்வமாக நடக்கும் நிகழ்வுகளின் வாய்ப்பை அளக்கும் பெருவிலகல் கோட்பாட்டுக்காக 2007இல் ஏபெல் பரிசு பெற்றார். கலைக் கல்லூரியில் புள்ளியியலா என்று கேட்கும் பெரியப்பா யாரும் அன்று அவர் வீட்டில் இல்லாதது கணிதம் செய்த புண்ணியம்.

அதே 2007 ஆகஸ்டில் வால் ஸ்ட்ரீட்டில் என்ன நடந்தது? கோல்ட்மன் சாக்ஸ் நடத்திய நிதியங்கள் அடிவாங்கின. 25 திட்ட விலக்கம் அளவுள்ள அசைவுகள் அடுத்தடுத்துப் பல நாள் வந்துவிட்டன என்று அதன் நிதித் தலைவர் டேவிட் வினியர் விளக்கம் சொன்னார். அவர்கள் நம்பிய மணிவடிவ வளைகோட்டின்படி, பிரபஞ்சத்தின் வயதைப் போலப் பல மடங்கு காத்திருந்தாலும் ஒருமுறைகூட வரக் கூடாத அசைவு அது. ஒரே வாரத்தில் பலமுறை வந்தது. வளைகோடு தப்பு என்று சொல்ல வேண்டிய இடத்தில் பிரபஞ்சத்தின் மேல் பழி போட்டார்கள். அபூர்வ நிகழ்வுகளின் கணிதத்துக்கு உலகம் பரிசு கொடுத்த ஆண்டில், அந்தக் கணிதத்தைக் காசு கொடுத்து வேலைக்கு வைத்திருந்தவர்கள் பேசிய பேச்சு இது.

அது போகட்டும், நம் ஊரில் இந்தப் பாடத்தை நடத்துவது யார்? அரசுக் கலைக் கல்லூரிகளில் ஆண்டுக்கணக்காக நிரப்பாத பணியிடங்களில் கௌரவ விரிவுரையாளர்கள் நடத்துகிறார்கள். பெயரில் கௌரவம், கையில் தொகுப்பூதியம், அதுவும் ஆண்டுக்குப் பதினோரு மாதம். கோடிச் சம்பளத்துக்கான கணிதத்தைக் கரும்பலகையில் எழுதுகிறவருக்கு மே மாத வாடகைக்கு வழியில்லை. இந்த அவலத்தை அடையாத வீடு எது என்று நிகழ்தகவு கணக்குப் போடச் சொல்லலாம். விடை: கோடிச் சம்பளச் செய்தியைப் பெட்டி கட்டிப் போடுகிற வீடு.

நான்காம் பாடம்: இடோவின் நுண்கணிதம்

1900இல் லூயி பஷெலியே என்ற இளைஞர் பாரிஸில் ஊக வணிகத்தைப் பற்றி ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொண்டுபோனார். பங்கு விலையின் தள்ளாட்டத்தைக் கணிதமாக எழுதியிருந்தார். பிரௌனியன் இயக்கத்தை ஐன்ஸ்டைன் 1905இல் தொடுவதற்கு ஐந்தாண்டு முந்தைய வேலை. மேதை புவான்கரே பாராட்டி அறிக்கை எழுதினார். ஆனால் ஆய்வேட்டுக்கு முதல் தர மதிப்பீடு கிடைக்கவில்லை. பங்குச் சந்தையெல்லாம் கணிதமா என்ற இளக்காரம் அன்று. பங்குச் சந்தைக்கு உதவாததெல்லாம் கணிதமா என்ற இளக்காரம் இன்று. நூறாண்டில் இளக்காரம் இடம் மாறியிருக்கிறதே தவிர, குறையவில்லை.

பஷெலியேயின் மாதிரியில் ஒரு குறை சொல்வார்கள்: விலை பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடும், அது நடக்குமா என்று சிரிப்பார்கள். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. சிரித்தவர்கள் அதே வாரம் எண்ணெய் ஆப்ஷன்களுக்கு, அதாவது குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தங்களுக்கு, பஷெலியேயின் சூத்திரத்தைத் தூசிதட்டி எடுத்து மாட்டினார்கள்.

கியோஷி இடோவோ போர்க்கால ஜப்பானில், 1944இல், தள்ளாடும் பாதைகளைத் தொகையிடும் வழியைக் கண்டார். அவர் மனத்தில் பங்கும் இல்லை, பத்திரமும் இல்லை. இன்று அவர் பெயரிலுள்ள துணைத்தேற்றம் தெரியாமல் ஆப்ஷன் கணக்கில் ஒரு அடி நகர முடியாது. பணத்தை நினைத்துக் கண்டுபிடித்தவர் யார் என்று தேடினால் இந்தப் பரம்பரையில் ஆள் அகப்படுவது கடினம். பணத்தை நினைத்துப் படிப்பவர்களுக்கோ பஞ்சமே இல்லை.

ஐந்தாம் பாடம்: பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள்

30 செ.மீ. நீளமுள்ள கம்பி. ஒரு முனை 20 டிகிரி, மறுமுனை 80 டிகிரி. வெப்பம் நிலைபெற்றபின் இரண்டு முனைகளும் திடீரென 0 டிகிரிக்குக் கொண்டுவரப்படுகின்றன. எந்த இடத்தில் எந்த நேரத்தில் என்ன வெப்பம்? பொறியியல் படித்த தமிழருக்கு இந்தக் கம்பியைத் தெரியாமல் இருக்காது. டி.பி.டி.இ. தாளில் பதினாறு மார்க் கம்பி அது. எத்தனையோ பேரை அரியரில் தள்ளிய கம்பி. எத்தனையோ பேர் ஃபூரியே தொடரின் கடைசி வரியை மட்டும் மனப்பாடம் செய்து கரையேறிய கம்பி.

பிளாக்கும் ஷோல்ஸும் 1973இல் எழுதிய சமன்பாட்டில் விலையை மடக்கையாக மாற்றி, காலத்தைப் பின்னோக்கி ஓடவிட்டால் வருவது இதே கம்பிதான். ஆப்ஷனின் முடிவுநாள் மதிப்பு வெப்பம்போலப் பின்னோக்கிப் பரவுகிறது. நம் மாணவன் உலகின் மிக விலையுயர்ந்த சமன்பாட்டைப் பத்தொன்பது வயதில் கையால் எழுதித் தேர்வில் தேறியிருக்கிறான். அவனிடம் அதைச் சொன்னவர் இல்லை. அடுத்த ஆண்டு அதே சமன்பாட்டுக்கு "குவான்ட் மாஸ்டர் கோர்ஸ்" என்று பெயர் மாற்றி, தவணையில் பணம் கட்டச் சொல்லி அவனிடமே விற்கிறார்கள். அவனும் வாங்குகிறான்.

சமன்பாட்டின் பெருமையோடு அதன் பிறகதையையும் படிக்க வேண்டும். ஷோல்ஸும், இந்தச் சமன்பாட்டை வளர்த்தெடுத்த மெர்ட்டனும் 1997இல் நோபல் பெற்றார்கள். அவர்கள் பங்காளிகளாக இருந்த லாங் டெர்ம் கேபிடல் மேனேஜ்மென்ட், 1998 தொடக்கத்தில் தன் முதலுக்கு 25 மடங்குக்கும் மேல் கடன் வாங்கி விளையாடிக்கொண்டிருந்தது. ஆகஸ்டில் ரஷ்யா கடனைத் திருப்ப முடியாது என்று கைவிரித்தது. செப்டம்பரில் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் பஞ்சாயத்துக் கூட்ட, 14 நிறுவனங்கள் சேர்ந்து சுமார் 360 கோடி டாலர் போட்டு அதைத் தூக்கி நிறுத்தின. நோபல் பதக்கத்தின் மெருகு ஓராண்டுகூடக் கலையவில்லை. கடன் வாங்கி நொடித்த விவசாயியின் வீட்டுக் கதவை ஜப்தி செய்கிற உலகம், கடன் வாங்கி நொடித்த மேதைகளுக்கு மேசை போட்டுக் காப்பி கொடுத்தது.

ஆறாம் பாடம்: புள்ளியியல்

பழைய தரவில் பிரமாதமாகப் பொருந்தும் மாதிரி நாளைய சந்தையில் ஏன் மண்ணைக் கவ்வுகிறது என்று சொல்லித்தருகிற பாடம். ஆயிரம் உத்திகளைச் சோதித்தால் ஏதோ ஒன்று தற்செயலாகவே ஜெயித்துக் காட்டும். அந்த ஒன்றை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டால் யூடியூப் வழிகாட்டி. அதை நம்பாமல் இருக்கக் கற்றால் புள்ளியியலாளர். சம்பளம் இரண்டாமவருக்கு; சந்தாதாரர்கள் முதலாமவருக்கு.

இந்தப் பாடத்தை அரைகுறையாகப் படித்தால் என்ன ஆகும்? டேவிட் லி 2000இல் ஒரு கட்டுரை எழுதினார். ஆயிரம் பேர் வாங்கிய கடனில் எத்தனை பேர் ஒன்றாகச் சேர்ந்து கட்டாமல் போவார்கள் என்ற சிக்கலை, காஸ் காப்புலா என்ற கருவியால் ஒட்டுறவு என்ற எண்ணில் அடக்க வழி காட்டியது அது. வங்கிகளும் தரமதிப்பீட்டு நிறுவனங்களும் அதைப் பாய்ந்து பிடித்துக்கொண்டன. திருப்ப முடியாதவர்களின் வீட்டுக் கடன்களை மூட்டை கட்டி, மேல் மூட்டைக்கு மூன்று ஏ முத்திரை குத்தி உலகமெங்கும் விற்றார்கள். மாதிரியின் சாரம் பலருக்குப் புரியவில்லை என்று லி 2005இலேயே சொன்னார். புரியாததில்தான் லாபம் இருந்தது, யார் கேட்பார்? 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் திவாலானது. லட்சக்கணக்கான அமெரிக்கக் குடும்பங்கள் வீடிழந்தன. சூத்திரத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். அதைத் தெரிந்தே விற்றுப் போனஸ் வாங்கியவர்கள் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்கள்.

ஏழாம் பாடம்: வாய்ப்பாடு

மெஷர் தியரி படித்தாயிற்று, மார்ட்டிங்கேல் படித்தாயிற்று, சி பிளஸ் பிளஸும் பைத்தானும் எழுத வந்தாயிற்று. நேர்காணலுக்குப் போனால் சில நிறுவனங்கள் வைக்கும் முதல் சல்லடை எது தெரியுமா? 8 நிமிடத்தில் 80 மனக்கணக்கு. பின்னப் பெருக்கல், தசமக் கூட்டல். காகிதம் கிடையாது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் முந்திரி, அரைக்கால், மாகாணி என்று கீழ்வாய் இலக்கம் ஒப்பித்த நம் பாட்டனார் இருந்திருந்தால் முதல் சுற்றில் ஜெயித்து, இரண்டாம் சுற்றில் வெற்றிலை கேட்டிருப்பார்.

ஆக, பாடப் பட்டியல் ரகசியமானதல்ல. நேரியல் இயற்கணிதம், பகுப்பாய்வு, நிகழ்தகவு, சமவாய்ப்புச் செயல்முறைகள், பகுதி வகைக்கெழு, எண்முறைக் கணிதம், புள்ளியியல், நிரலாக்கம். அத்தனையும் நூலகத்தில் கிடைக்கிற பழைய பாடங்கள். ரினைசான்ஸ் டெக்னாலஜிஸைத் தொடங்கிய ஜிம் சைமன்ஸ் சந்தைக்கு வந்தது நிதிக் கணிதப் பட்டயத்தோடு அல்ல. ஷிங்-ஷென் செர்னுடன் 1974இல் வெளியிட்ட வடிவியலோடும், ஒரு கணிதத் துறையை நடத்திய அனுபவத்தோடும். பாடத்தை ஊன்றிப் படித்தவனைப் பணம் தேடிவரக்கூடும். பணத்தைத் தேடிப் பாடத்துக்கு வருபவனிடம் பணம் முதலில் கட்டணம் கேட்கும்.

அந்தக் கட்டணத்தை வசூலிக்கத்தான் ஊரெங்கும் கவுன்ட்டர் திறந்திருக்கிறார்கள். நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் ஒரு கல்விக் கண்காட்சி. ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் கடையில், "ஃபைனான்ஷியல் மேத்தமேடிக்ஸ் வித் ஏஐ" என்று வழவழப்பான கையேடு. சிலபஸைப் புரட்டினேன். நிகழ்தகவுக்கு ஒரு செமஸ்டர். ஆளுமை வளர்ச்சிக்கு மூன்று.

"ஏம்மா, ரியல் அனாலிசிஸ் இல்லையே?"

"அது டஃப் சார். பசங்க ஃபெயில் ஆகிடுறாங்கன்னு எலெக்டிவ் ஆக்கிட்டோம்."

"எத்தனை பேர் எடுக்குறாங்க?"

"யாரும் எடுக்கலைன்னு கிளாஸ் போடல சார்."

பக்கத்தில் மகனோடு நின்ற ஓர் அப்பாவுக்கு இந்த உரையாடல் பிடிக்கவில்லை. "அதெல்லாம் விடுங்க. பேக்கேஜ் எவ்வளவு வரும், அதைச் சொல்லுங்க" என்றார். அந்தப் பெண் தயாராக வைத்திருந்த எண்ணைச் சொன்னாள். அப்பாவின் முகத்தில் ஒளி. அடுத்த கணம் கையிலிருந்த போன் அதிர்ந்தது, எடுத்துப் பார்த்தார். டிரேடிங் ஆப்பில் நிஃப்டி கால் ஆப்ஷன் சிவப்பில் இருந்தது. ஒளி போயிற்று. மகன் எதையும் பார்க்காமல் கையேட்டில் விடுதிச் சாப்பாட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எட்டாம் பாடம்: எதிர்ப்பக்கம் யார்?

எந்தப் பாடத்திட்டத்திலும் நான் காணாத பாடம் இது. சந்தையில் ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் இரண்டு பக்கம் உண்டு. ஒருவர் வென்ற ரூபாய் இன்னொருவர் தோற்ற ரூபாய். நடுவில் நிற்பவர்கள் எடுத்துக்கொண்டது போக. கணிதம் படித்த பிள்ளை ஒரு பக்கம் உட்கார்கிறான். மறுபக்கம் யார்?

பட்டியலைப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியே போட்டிருக்கிறது. 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டில் பங்கு எஃப் அண்ட் ஓவில், அதாவது ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வியாபாரத்தில், இறங்கிய ஒரு கோடிக்கு மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் தோற்றார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. 2023-24இல் அவர்களில் முக்கால்வாசிக்கு மேற்பட்டோர் ஆண்டு வருமானம் ஐந்து லட்சத்துக்குக் கீழ் என்று சொன்னவர்கள். 43 சதவீதம் பேர் முப்பது வயதுக்குட்பட்டவர்கள். அதே ஆண்டு சொந்தப் பணத்தில் வியாபாரம் செய்யும் நிறுவனங்கள் சுமார் 33,000 கோடியும், அந்நிய முதலீட்டாளர்கள் சுமார் 28,000 கோடியும் மொத்த லாபம் பார்த்தார்கள். அந்த லாபத்தில் 96, 97 சதவீதம் அல்காரிதம் வழியாக வந்தது. அல்காரிதத்தை எழுதியது யார்? மேலே சொன்ன ஏழு பாடத்தையும் ஒழுங்காகப் படித்த பிள்ளைகள். 2024-25இல் எச்சரிக்கை, கட்டுப்பாடு எல்லாம் வந்தபின் நிலைமை முன்னேறியது: 91 சதவீதம் பேர்தான் தோற்றார்கள், நஷ்டம் 1,05,603 கோடி.

கிட்டத்தில் பாருங்கள். செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டரை மணி. நிஃப்டி வார ஆப்ஷன் மூன்றரைக்கு முடிகிறது. நூறு புள்ளி தள்ளியிருக்கும் ஒரு கால் ஆப்ஷன் நான்கு ரூபாய். 2025இல் இருந்தபடி ஒரு லாட் 75 என்றால் முந்நூறு ரூபாய். முந்நூறுதானே என்று ஒரு ஜவுளிக்கடைப் பையன் பத்து லாட் வாங்குகிறான். பதினைந்து நிமிடம் நிஃப்டி நின்ற இடத்தில் நிற்கிறது; நான்கு ரூபாய் இரண்டாகிறது. எதுவுமே நடக்காததற்கு அவன் ஆயிரத்தைந்நூறு கட்டிவிட்டான். காலம் கரைவதற்கு விலை உண்டு, அதைத் தீட்டா என்பார்கள் என்று அவனுக்குத் தெரியாது. விற்றவரின் கணினிக்கு நொடிவாரியாகத் தெரியும். மூன்றரைக்கு விலை பூஜ்யம். முன்பு இந்தச் சடங்கு வியாழனில் நடந்தது; 2025 செப்டம்பரிலிருந்து செவ்வாய்க்கு மாற்றினார்கள். செவ்வாயோ வெறுவாயோ என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்!

ஆப்ஷனே பாவம் என்று நான் சொல்லவில்லை. டாலரில் பணம் வரவேண்டிய திருப்பூர் ஏற்றுமதியாளருக்கு அது காப்பு. ஆனால் வாரந்தோறும் செத்துப் பிறக்கும் நிஃப்டி ஆப்ஷனில் எந்த ஏற்றுமதியாளர் எதைக் காத்துக்கொள்கிறார்? பத்தில் ஒன்பது பேர் தோற்கிறார்கள் என்ற வாசகத்தை ஆப் திறந்ததும் காட்ட வேண்டும் என்று செபி விதி செய்தது. நல்ல விதி. டாஸ்மாக் பாட்டிலில் மது கேடு என்று அச்சடித்து விற்பதுபோல. படித்தேன், புரிந்தது என்று அழுத்தினால் கடை திறந்துகொள்ளும். 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய ரம்மிக்கு மத்திய அரசு தடைச் சட்டம் கொண்டுவந்தது. ஆப்ஷனுக்கு அதற்கு முந்தைய ஆண்டே பரிவர்த்தனை வரியை 0.0625 சதவீதத்திலிருந்து 0.1 ஆக உயர்த்தியிருந்தது. ரம்மி நடத்தினால் குற்றம், நிஃப்டி ஆடினால் வருவாய். அந்த மூன்று நிதியாண்டில் தனிநபர்கள் தோற்பதற்கான செலவாக மட்டும், அதாவது தரகு, எக்ஸ்சேஞ்ச் கட்டணம், வரி என்று கட்டியது சுமார் 50,000 கோடி. குருடன் கண்ணைப் பிடுங்கியதுமல்லாமல் பிடுங்கிய கூலியும் கேட்ட கதை.

2025 ஜூலை 3 அன்று அமெரிக்காவின் ஜேன் ஸ்ட்ரீட் நிறுவனம் குறியீட்டை முறைகேடாக அசைத்து ஆப்ஷனில் சம்பாதித்ததாகக் குற்றம் சாட்டி, 4,843.57 கோடி ரூபாயை முடக்கச் செபி இடைக்கால உத்தரவு போட்டது. நிறுவனம் மறுத்தது, பணத்தைக் கட்டிவிட்டு மேல்முறையீட்டுக்குப் போனது. தீர்ப்பு எப்படி வேண்டுமானாலும் வரட்டும். என் கோபம் அந்த வழக்கைப் பற்றியதல்ல. முறைகேடே நடக்காத சாதாரண நாளில், சட்டப்படி, வரி கட்டி, ரசீதோடு நடக்கிற வசூலைப் பற்றியது.

2008இன் நாசத்துக்குப் பின், 2009 ஜனவரியில் இமானுவல் டெர்மனும் பால் வில்மட்டும் நிதி மாதிரி எழுதுவோருக்கு மருத்துவர்களுக்கு உள்ளதைப்போல ஓர் உறுதிமொழி எழுதினார்கள். தன் மாதிரி உலகமல்ல என்பதை மறக்க மாட்டேன் என்பது அதன் சாரம். நம் நிதிக் கணிதப் பாடத்திட்டங்களில் அது இரண்டு மார்க் கேள்வியாகக்கூட வந்து நான் பார்த்ததில்லை. அபாயத்தை நான்கு தசமம்வரை கணக்கிடக் கற்றுத்தருகிறோம். அந்த அபாயம் யார் மடியில் இறக்கப்படுகிறது என்று கேட்கக் கற்றுத்தருவதில்லை. கேட்டால் வேலை கிடைக்காது என்று பயம். கேட்காமல் கிடைக்கும் வேலைக்குப் பெயர் என்ன என்று பயமில்லை.

அடுத்த ஆண்டு வினாத்தாளுக்கு என் பங்காக ஒரு பதினாறு மார்க் கேள்வி தருகிறேன். மாணவர்கள் மட்டுமல்ல, கவுன்ட்டரில் நின்று பேக்கேஜ் கேட்கிற பெற்றோரும் சேர்ந்து எழுதலாம்:

"ஒரு சந்தையில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பேர் தோற்கிறார்கள். தோற்றவர்களில் ஒருவர் தன் பிள்ளையை நிதிக் கணிதம் படிக்கவைக்கக் கடன் வாங்குகிறார். பிள்ளை படித்து, வென்ற தரப்பில் வேலைக்குச் சேர்ந்து, தோற்றவர்கள் விட்ட பணத்திலிருந்து சம்பளம் வாங்குகிறது. தரகு, எக்ஸ்சேஞ்ச் கட்டணம், வரி, கல்லூரிக் கட்டணம், கடன் வட்டி ஆகியவற்றைக் கழித்து அந்தக் குடும்பத்தின் நிகர லாபம் காண்க."

விடையைப் புத்தகத்தின் பின்பக்கத்தில் தேட வேண்டாம். பாதியைச் செபி அச்சிட்டுவிட்டது. மீதி உங்கள் வீட்டுப் பாஸ்புக்கில் இருக்கிறது.